சீனாவின் வணிக உபரியும் உலகப் பொருளாதாரச் சமநிலையின்மையும்

சில நாடுகள் வாங்குவதைவிட அதிகமாக விற்பதும், வேறு சில நாடுகள் விற்பதைவிட அதிகமாக வாங்குவதும் ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் நிலையே உலகப் பொருளாதாரச் சமநிலையின்மை. 21ஆம் நூற்றாண்டில் உபரி நாடுகளில் சீனாவும் பற்றாக்குறை நாடுகளில் அமெரிக்காவும் முதன்மையானவை.

வளர்ச்சி

1978இல் சீனத் தலைவர் டெங் சியாவோபிங்கின் வழிகாட்டலில் பொருளாதாரச் சீர்திருத்தங்கள் தொடங்கின. 1980இல் தென்சீனாவின் ஷென்சென் சிறப்புப் பொருளாதார மண்டலமானது. 2001 டிசம்பரில் உலக வணிக அமைப்பில் சேர்ந்த சீனா, 2009இல் ஜெர்மனியை முந்தி உலகின் மிகப்பெரிய ஏற்றுமதி நாடானது. 2007இல் அதன் நடப்புக் கணக்கு உபரி, மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 10 சதவீதத்தைத் தொட்டது.

காரணங்கள்

உபரியின் வேர் உள்நாட்டில் இருக்கிறது. சீனக் குடும்பங்களின் நுகர்வு, மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சுமார் 40 சதவீதமே. ‘ஹூகோ’ என்னும் குடும்பப் பதிவு முறையால், நகரத்தில் வேலை செய்யும் கிராமத்துத் தொழிலாளிக்கு அந்நகரவாசிக்குரிய கல்வி, மருத்துவச் சலுகைகள் முழுமையாகக் கிடைப்பதில்லை. பிள்ளையின் படிப்புக்கும் முதுமைக்கும் அவர் சம்பளத்தில் மிச்சம் பிடித்தாக வேண்டும். அந்தச் சேமிப்புக்கு வங்கிகள் நெடுங்காலம் குறைந்த வட்டியே தந்தன; ஆலைகளுக்கோ மலிவான கடன் கிடைத்தது. இதனால் உற்பத்தி பெருகியது; உள்நாட்டில் விற்க முடியாதது வெளிநாடுகளுக்குச் சென்றது.

நாணய மதிப்பும் ஏற்றுமதிக்கு உதவியது. 2005 ஜூலை வரை ஒரு டாலருக்குச் சுமார் 8.28 யுவான் (சீன நாணயம்) என்ற மாற்று விகிதம் காக்கப்பட்டது. அதற்காகச் சீன மத்திய வங்கி டாலர்களை வாங்கிக் குவித்து, பெரும்பகுதியை அமெரிக்க அரசுக் கடன் பத்திரங்களில் போட்டது. அதன் பின்னும் டாலர் வாங்குவது தொடர்ந்ததால், 2014இல் சீனாவின் அந்நியச் செலாவணிக் கையிருப்பு 4 லட்சம் கோடி டாலரை நெருங்கியது.

அளவிடுவதில் சிக்கல்

இருநாட்டு வணிகக் கணக்கு முழு உண்மையைச் சொல்வதில்லை. 2009இல் சீனாவிலிருந்து சென்ற ஒவ்வொரு ஐபோனும் சுமார் 179 டாலர் மதிப்புள்ள சீன ஏற்றுமதியாகவே பதிவானது. ஆனால் பாகங்கள் ஜப்பான், ஜெர்மனி, தென்கொரியா முதலிய நாடுகளிலிருந்து வந்தவை. அவற்றைப் பொருத்திய சீனத் தொழிலாளரின் பங்கு 6.50 டாலர் மட்டுமே என்று ஓர் ஆய்வு கணக்கிட்டது.

விளைவுகள்

மலிவான பொருள்களால் உலகெங்கும் நுகர்வோர் பயனடைந்தனர். ஆனால் அமெரிக்காவின் மரச்சாமான், துணி உற்பத்தி நகரங்களில் ஆலைகள் மூடப்பட்டன. 2018இல் அமெரிக்கா சீனப் பொருள்கள் மீது கூடுதல் வரி விதித்தது. அதன்பின் வியட்நாம், மெக்சிகோ போன்ற நாடுகளிலிருந்து அதன் இறக்குமதி கூடியது. ஆனால் அமெரிக்காவின் மொத்தப் பற்றாக்குறை குறையவில்லை. 2024இல் சீனாவின் சரக்கு வணிக உபரி 1 லட்சம் கோடி டாலரை நெருங்கியது. வரியால் சரக்கு வரும் வழி மாறும்; சீனக் குடும்பங்களின் வருமானப் பங்கும் அமெரிக்காவின் சேமிப்பும் உயர்ந்தால்தான் இடைவெளி குறையும்.