ஃப்ரீலான்ஸ் புரோகிராமர்ஸ்

இங்கிலாந்தில் 1962இல் தொடங்கப்பட்ட மென்பொருள் நிறுவனம். திருமணமானதாலோ பிள்ளை பெற்றதாலோ வேலையை விட்ட பெண்களைத் தேடிப் பிடித்து, வீட்டிலிருந்தபடியே நிரல் எழுத வைத்தது. நிறுவியவர் ஸ்டெஃபனி ஷெர்லி (1933–2025). போட்ட முதல் ஆறு பவுண்டு. பக்கிங்காம்ஷயரில் செஷம் அருகே அவர் குடியிருந்த வீடே அலுவலகம்.

பிரிட்டனின் முதல் மென்பொருள் நிறுவனம் இதுதான் என்று சில கட்டுரைகளில் காணப்படுகிறது. அதை அப்படியே ஏற்பதற்கில்லை. எலியட் பிரதர்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய டீனா செயின்ட் ஜான்ஸ்டன் 1959இலேயே வாகன் புரோகிராமிங் சர்வீசஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கிவிட்டார். தாய்மார்களைக் கொண்டு வீட்டிலிருந்து நிரல் எழுதும் முறைக்கும் முன்னோடி உண்டு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் எல்சி ஷட் என்பவர் 1950களின் பிற்பகுதியில் இதே வழியில் ஒரு நிறுவனம் நடத்தினார். ஷெர்லியும் ஷட்டும் ஒருவரைப் பற்றி மற்றவர் அறிந்திருந்ததற்குச் சான்று இல்லை. ஒரே நெருக்கடி இரு நாடுகளிலும் ஒரே வழியைக் காட்டியது என்று கொள்வதே பொருத்தம்.

ஷெர்லி ஜெர்மனியின் டார்ட்மண்ட் நகரில் பிறந்தவர். யூதரான தந்தை நீதிபதி. நாஜி ஆட்சியில் பதவியை இழந்தார். 1939இல், போருக்குச் சில வாரங்கள் முன்பு, ஐந்து வயதுச் சிறுமியாக அக்காளுடன் அகதிக் குழந்தைகளின் ரயிலேறி இங்கிலாந்து வந்து, வளர்ப்புப் பெற்றோரிடம் வளர்ந்தார். பெண்கள் பள்ளியில் கணிதம் சொல்லித்தர ஆள் இல்லாததால், ஆண்கள் பள்ளிக்குப் போய்ப் படிக்கத் தனி அனுமதி வாங்கினார். லண்டன் டாலிஸ் ஹில்லில் இருந்த அஞ்சல் துறை ஆய்வு நிலையத்தில் பணி, மாலை வகுப்புகளில் கணிதப் பட்டம், பிறகு ஒரு கணினி வடிவமைப்பு நிறுவனம் என்று வாழ்க்கை போயிற்று. விற்பனை பற்றிய கூட்டமொன்றில் கருத்துச் சொன்னபோது, அது உங்கள் வேலையல்ல என்று வாயடைத்ததே தன்னைச் சொந்தத் தொழிலுக்குத் தள்ளியது என்று பின்னாளில் அவர் கூறினார்.

அன்றைய பின்னணியையும் சொல்ல வேண்டும். பிரிட்டன் அரசுப் பணியில் மணமான பெண்கள் பதவி விலக வேண்டும் என்ற விதி 1946இல்தான் பெரும்பாலும் நீக்கப்பட்டது. வழக்கம் அதற்குப் பிறகும் தொடர்ந்தது. கணினிகளை இயக்கிய பெண்களை ஒதுக்கி, அந்த வேலைக்கு ஆண்களைப் பழக்கியதால் பிரிட்டனின் கணினித் துறையே பின்தங்கியது என்பது வரலாற்றாய்வாளர் மார் ஹிக்ஸ் 2017இல் வெளியிட்ட நூலின் வாதம். இப்படி வெளியே தள்ளப்பட்ட திறமையைத்தான் ஷெர்லி திரட்டினார்.

தொடக்கம் கடினமாக இருந்தது. கணினி வாங்கினால் நிரல் இலவசமாக வந்த காலம் அது. ஐபிஎம் நிறுவனமே 1969இல்தான் இரண்டுக்கும் தனித்தனி விலை வைக்கப்போவதாக அறிவித்தது. வாய்ப்புக் கேட்டு ஸ்டெஃபனி என்று கையெழுத்திட்டு அனுப்பிய கடிதங்களுக்குப் பதிலே வரவில்லை. 'ஸ்டீவ்' என்று போட்டுப் பார் என்றார் கணவர் டெரெக். அதன்பின் அழைப்புகள் வந்தன. நேரில் போனபோதுதான் வந்திருப்பவர் பெண் என்பது வாடிக்கையாளருக்குத் தெரிந்தது. கடைசிவரை அவர் ஸ்டீவ் ஷெர்லி என்றே அறியப்பட்டார்.

வேலை நடந்த விதம் இன்றைய வாசகருக்கு வியப்பாக இருக்கும். வீடுகளில் கணினி கிடையாது. பென்சிலும் தாளும்தான். எழுதிய நிரலைத் தாளிலேயே வரிவரியாகச் சரிபார்த்து அஞ்சலில் அனுப்புவார்கள். அது அட்டையிலோ நாடாவிலோ துளையிடப்பட்டு, வேறிடத்துக் கணினியில் ஓட்டப்படும். கணினி நேரம் விலை மிகுந்தது என்பதால், தாளிலேயே பிழை களைந்துவிடும் கவனம் பெரிய தகுதியாக மதிக்கப்பட்டது. அதற்கு இணையாக முக்கியமானது தொலைபேசி. குழந்தையின் அழுகை வாடிக்கையாளர் காதில் விழக்கூடாது என்பதற்காக, தட்டச்சுப் பொறியின் ஒலியைப் பதிவு செய்து, பேசும்போது பின்னணியில் ஓடவிட்டிருக்கிறார் ஷெர்லி. அவருடைய மகன் பிறந்தது 1963இல்.

நிறுவனம் ஏற்ற பணிகளில் புகழ்பெற்றது, கான்கார்டு விமானத்தின் கருப்புப் பெட்டிப் பதிவுகளுக்கான நிரலாக்கம். அந்தக் குழுவை நடத்தியவர் ஆன் மொஃபட். 1960களில் எடுத்த ஒரு புகைப்படத்தில் அவர் வீட்டு மேசையில் குனிந்து எழுதிக்கொண்டிருக்கிறார், பக்கத்தில் கைக்குழந்தை. ஒலியை மிஞ்சும் விமானத்துக்கான நிரல் அப்படித்தான் எழுதப்பட்டது. சரக்கு ரயில்கள், பேருந்துகள் ஆகியவற்றின் கால அட்டவணை, கிடங்கு இருப்புக் கணக்கு முதலியவையும் இந்தப் பெண்களின் கைவேலை.

நிறுவனம் எவ்வளவு பேருக்குக் கதவைத் திறந்தது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. முன்அனுபவமும் வீட்டில் தொலைபேசியும் உள்ளவர்களுக்கே வேலை கிடைத்ததால், பயன் பெரும்பாலும் படித்த நடுத்தர வர்க்கத்தோடு நின்றது என்பது ஒரு மதிப்பீடு. வேறு எவரும் வேலை தராத நிலையில் அதுவே பெரிய திறப்பு என்பது மற்றொன்று. இரண்டிலும் உண்மை இருக்கிறது.

முதல் 300 பணியாளர்களில் 297 பேர் பெண்கள். பாலினப் பாகுபாட்டைத் தடுக்க பிரிட்டன் 1975இல் கொண்டுவந்த சட்டம், பெண்களுக்கு முன்னுரிமை என்ற இந்தக் கொள்கையையும் சட்டவிரோதமாக்கியது. அதன்பின் ஆண்களும் சேர்க்கப்பட்டனர்.

1980களில் நிறுவனம் எஃப்ஐ குழுமமாகப் பெரிதாகி, ஹிலரி க்ராப்பரின் நிர்வாகத்துக்கு வந்தது. ஷெர்லி தம் பங்குகளில் கணிசமானவற்றை ஊழியர்களுக்கே கொடுத்தார். 1996இல் லண்டன் பங்குச் சந்தையில் பட்டியலானபோது ஏறத்தாழ 70 ஊழியர்கள் பத்து லட்சம் பவுண்டுக்கு மேல் சொத்துடையவர்களானதாகச் சொல்லப்படுகிறது.

2001இல் பெயர் ஜான்சா என்று மாறியது. நொய்டா, புனே, சென்னை ஆகிய இடங்களில் அதன் மையங்கள் இயங்கின. 2007இல் பிரான்சின் ஸ்டீரியா நிறுவனம் அதை வாங்கியது. தம் செல்வத்தின் பெரும்பகுதியை ஷெர்லி ஆட்டிசம் சார்ந்த பணிகளுக்கு வழங்கினார். அவருடைய மகன் ஆட்டிசம் உடையவர், 1998இல் காலமானார். ஷெர்லி 2025 ஆகஸ்டில் தம் 91ஆம் வயதில் மறைந்தார்.

இந்நிறுவனத்தின் வரலாறு பெரும்பாலும் நிறுவியவரின் சுயசரிதையையும் பேட்டிகளையும் சார்ந்தே எழுதப்படுகிறது. நிரல் எழுதிய பெண்களில் ஆன் மொஃபட் போன்ற சிலரே பெயரளவிலாவது அறியப்பட்டவர்கள். 1960களில் சேர்ந்தவர்களில் இன்று இருப்போர் முதுமையில் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டு எழுதிவைக்கும் பணியை ஆய்வாளர்கள் இனியும் தள்ளிப்போடக் கூடாது.