அலெக்சாண்டிரா மாளிகை நாடக அரங்கு: மறதியும் மீட்பும்

இலண்டன் மாநகரின் வடபகுதியில் ஒரு குன்றின்மீது அமைந்த அலெக்சாண்டிரா மாளிகை, பொதுமக்களின் கல்விக்கும் பொழுதுபோக்கிற்கும் உரிய இடமாக 1873 மே மாதத்தில் திறக்கப்பட்டது. 16 நாள்களில் அது தீக்கிரையாயிற்று. மீண்டும் கட்டப்பெற்று 1875 மே முதல் நாளன்று திறக்கப்பட்டபோது, ஏறத்தாழ 3000 பேர் அமரத்தக்க நாடக அரங்கொன்றும் அதனுள் இடம்பெற்றிருந்தது.

இவ்வரங்கின் மேடைக்கு அடியில் மரத்தாலான பொறிகள் அமைக்கப்பட்டன. நடிகர் திடீரென மறைவதற்கும், மீண்டும் தோன்றுவதற்கும், மேலே எழும்புவதற்கும் இவை பயன்பட்டன. இத்தகைய காட்சி மாற்றங்களை மிகுதியாக வேண்டி நின்ற நாடக வகை பாண்டமைம் ஆகும். இதனை ‘ஊமைக்கூத்து’ எனத் தமிழில் பெயர்ப்பது இங்குப் பொருந்தாது. விக்டோரியா காலப் பாண்டமைம் பாட்டும் பேச்சும் நகைச்சுவையும் நிறைந்தது. சொல்லின் பழைய பொருளை மட்டும் கொண்டால் அரங்கின் அமைப்பே விளங்காமற் போகும்.

நகரின் நடுப்பகுதியிலிருந்த அரங்குகளோடு இவ்வரங்கினால் போட்டியிட இயலவில்லை. தொலைவு ஒரு காரணம்; அரங்கின் பேரளவு மற்றொரு காரணம். பின்வரிசையினர்க்கு நடிகரின் குரல் தெளிவாக எட்டவில்லை. பிற்காலத்தில் இங்குத் திரைப்படங்களும் காட்டப்பட்டன. 1935இல் மாளிகையின் கிழக்குப் பகுதி பி.பி.சி. நிறுவனத்தின் பொறுப்பில் வந்தது. 1936 நவம்பரில் அங்கிருந்து தொலைக்காட்சி ஒளிபரப்புத் தொடங்கிற்று. நாடக அரங்கோ காட்சிப் பொருள்களை வைக்கும் கிடங்காயிற்று. 1980ஆம் ஆண்டுத் தீவிபத்தில் மாளிகையின் பெரும்பகுதி அழிந்தபோதும் அரங்கு தப்பியது. எவரும் பொருட்படுத்தாமையால் மாற்றியமைக்கப்படாது கிடந்ததே அதன் பழைய மேடைப் பொறிகள் எஞ்சியமைக்குக் காரணம் எனலாம்.

ஏறத்தாழ 80 ஆண்டுகளுக்குப் பின், 2018 டிசம்பரில் அரங்கு மீண்டும் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. இப்பணியைப் ‘புதுப்பித்தல்’ என்பது பிழையாகும். உதிர்ந்த வண்ணமும் சிதைந்த சாந்து வேலைப்பாடும் மறைக்கப்படவில்லை. மேலும் சிதையாதவாறு உறுதிப்படுத்தப்பட்டன. கூரை வலுப்படுத்தப்பட்டது. ‘சிதைவை நிறுத்துதல்’ என்பதே அங்குப் பின்பற்றப்பட்ட கொள்கை. சுவடியில் சிதைந்த இடத்தைத் தாமே இட்டு நிரப்பாமல் சிதைவென்றே காட்டும் பதிப்பாசிரியரின் நெறிக்கு இஃது ஒப்பாகும்.

புதுப்பித்தல், பாதுகாத்தல், மீட்டெடுத்தல் ஆகிய சொற்கள் தமிழில் ஒன்றற்கொன்று மாற்றாக வழங்குகின்றன. எதை நீக்குவது, எதை விட்டுவைப்பது என்னும் முடிவு இவற்றுள் எச்சொல்லைத் தேர்கிறோம் என்பதைப் பொறுத்தே அமைவதால், இவற்றின் பொருள் எல்லைகளை வரையறுத்தல் இன்றியமையாதது.