தொலையுணர்வுத் தரவின் களச் சரிபார்ப்பு

செயற்கைக்கோளோ விமானமோ திரட்டிய தரவிலிருந்து கணக்கிடப்பட்ட அளவுகளை, அதே இடத்தில், இயன்றவரை அதே நேரத்தில் நேரடியாக எடுத்த அளவுகளோடு ஒப்பிட்டுப் பிழையைக் கண்டறியும் பணி களச் சரிபார்ப்பு. செயற்கைக்கோளின் உணரி மண்ணின் ஈரத்தையோ கடலின் வெப்பநிலையையோ நேராக அளப்பதில்லை. தன்னை வந்தடையும் கதிர்வீச்சை மட்டுமே அளக்கிறது. வளிமண்டலம், செடிகொடிகள், மேற்பரப்பின் கரடுமுரடு ஆகிய எல்லாம் அந்தக் கதிர்வீச்சை மாற்றிவிடுகின்றன. அதிலிருந்து வேண்டிய அளவைப் பெறும் கணக்கு பல அனுமானங்களைச் சார்ந்தது. அவை பொருந்துகின்றனவா என்பதைக் களத்தில்தான் பார்க்க முடியும்.

இதற்கு முந்தைய படி அளவுத்திருத்தம். விண்ணில் ஆண்டுகள் செல்லச் செல்ல உணரியின் திறன் மாறும். ஆகவே நன்கு அளந்தறிந்த பரப்புகளைப் பார்க்கவைத்து அதைத் திருத்துகிறார்கள். அமெரிக்காவின் நெவாடாவிலுள்ள ரெயில்ரோடு வேலி எனும் வறண்ட ஏரிப்படுகை அத்தகைய ஓர் இடம். கடல் நிறத்தை அளக்கும் உணரிகளுக்கு ஹவாயின் லனாய் தீவருகே மோபி என்ற மிதவை 1997 முதல் உதவுகிறது. இந்திய உணரிகளுக்கு லட்சத்தீவின் கவரத்தி அருகிலுள்ள கடற்பகுதி பயன்பட்டுள்ளது.

சரிபார்ப்பின் மையச் சிக்கல் அளவுப்பரப்பின் வேறுபாடு. மண் ஈரத்தில் இது தெளிவாகத் தெரியும். 2015 ஜனவரி 31-இல் நாசா ஏவிய ஸ்மாப் செயற்கைக்கோள், நிலத்தின் மேல் 5 சென்டிமீட்டர் அளவிலான மண்ணின் ஈரத்தை நுண்ணலைகளைக் கொண்டு கணிக்கிறது. அதன் அடிப்படைக் கட்டம் ஒன்றின் பக்கம் 36 கிலோமீட்டர். பரப்பு ஏறத்தாழ 1,300 சதுர கிலோமீட்டர். களத்தில் புதைத்த ஒரு கருவியோ தன்னைச் சுற்றி ஒரு கைப்பிடி மண்ணை மட்டுமே அறியும். ஒரே வயலில் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் ஈரம் மாறும் நிலையில், ஒற்றைக் கருவியை வைத்து அத்தனை பெரிய கட்டத்துக்குத் தீர்ப்புச் சொல்வது பொருளற்றது.

எனவே அடர்ந்த கருவி வலைகள் கொண்ட சில படுகைகள் முதன்மைத் தளங்களாகத் தேர்ந்தெடுக்கப்பட்டன. அரிசோனாவின் வால்நட் கல்ச் அவற்றுள் ஒன்று. சுமார் 150 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்த வறண்ட படுகையில் 1950-களிலிருந்தே மழைமானிகள் இயங்குகின்றன. கோடை இடிமழை அங்கே ஓரிடத்தில் கொட்டும். சில கிலோமீட்டர் தள்ளி மண் காய்ந்தே கிடக்கும். பல கருவிகளின் அளவுகளுக்கு அவை குறிக்கும் பரப்புக்கேற்ற எடை கொடுத்துச் சராசரி கண்ட பிறகே செயற்கைக்கோளோடு ஒப்பிடுகிறார்கள். அந்தக் கருவிகளையும் சோதிக்க வேண்டும். மண்ணை வெட்டியெடுத்து எடைபோட்டு, 105 பாகை செல்சியசில் ஒரு நாள் முழுதும் உலர்த்தி, மறுபடி எடைபோடும் பழைய முறைதான் இன்றும் அடிப்படை. ஸ்மாப் திட்டத்தின் பிழை இலக்கு ஒரு கனமீட்டர் மண்ணுக்கு 0.04 கனமீட்டர் நீர்.

கடலில் சிக்கல் ஆழத்தைச் சார்ந்தது. அகச்சிவப்பு உணரி நீரின் மேல் விளிம்பில் ஒரு மில்லிமீட்டரின் சிறு பங்கையே பார்க்கிறது. மிதவையின் வெப்பமானியோ அதற்குக் கீழே இருக்கிறது. காற்றில்லாத வெயில் நாளில் இந்த இரண்டுக்குமிடையே வெப்பநிலை நன்றாகவே வேறுபடலாம். அந்த வேறுபாட்டை உணரியின் பிழையாகக் கொள்வது தவறு.

நிலப்பயன்பாட்டு வரைபடங்களில் ஒப்பிடப்படுவது வகை. நெல் எனக் குறித்த இடத்தில் நெல்தான் இருந்ததா என்று அந்தப் பருவத்திலேயே சென்று பார்க்க வேண்டும். வரைபடம் தயாரிக்கப் பயன்பட்ட இடங்களைச் சோதனைக்குச் சேர்க்கக் கூடாது. சோதனை இடங்கள் சமவாய்ப்பு முறையில் அமைய வேண்டும். சாலையோரமாகவே தேர்ந்தெடுத்தால் குழப்பமான இடங்கள் தப்பிவிடும். மொத்தத் துல்லியம் என்ற ஒற்றை எண்ணும் ஏமாற்றக்கூடியது: நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு காடாக இருக்கும் பகுதியில், எல்லாவற்றையும் காடு என்றே குறித்தாலும் 90 விழுக்காடு கிடைத்துவிடும். அதனால்தான் ஒவ்வொரு வகையின் பிழையையும் காட்டும் அணி தேவைப்படுகிறது.

கள அளவும் பிழையுள்ள அளவுதான். அதை மாறாத உண்மையாகக் கருதினால் அதன் குறையெல்லாம் செயற்கைக்கோளின் கணக்கில் ஏறிவிடும். 1998-இல் ஆட் ஸ்டோஃபெலன் காற்றின் வேகத்துக்காக முன்வைத்த மும்முனை ஒப்பீடு இதற்கு வழிகாட்டியது. ஒன்றையொன்று சாராத பிழைகளையுடைய மூன்று தரவுகளை ஒப்பிட்டு, எதையும் முழு உண்மையாகக் கொள்ளாமலே ஒவ்வொன்றின் தற்செயல் பிழையையும் இது கணிக்கிறது.

உணரி ஏவப்பட்டவுடன் ஒருமுறை சரிபார்ப்பதோடு வேலை முடிவதில்லை. 1992-இல் ஏவப்பட்ட டோபெக்ஸ்/பொசைடன் கடல்மட்டத்தை உயரமானியால் அளந்தது. கலிஃபோர்னியக் கடற்கரைக்கு அப்பாலுள்ள ஹார்வெஸ்ட் எண்ணெய் மேடையிலும் பல தீவுகளின் ஓதமானிகளிலும் எடுத்த அளவுகளோடு அதன் தரவு தொடர்ந்து ஒப்பிடப்பட்டது. அந்தத் தரவைக் கையாண்ட நிரலில் இருந்த பிழை 1996-இல் கண்டறியப்பட்டது. அது ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் பொய்யான உயர்வைச் சேர்த்திருந்தது; கடல் உண்மையில் உயரும் வேகமும் ஏறத்தாழ அதே அளவினதே. தரவு திருத்தப்பட்டது. ஹார்வெஸ்ட் மேடை பின்னர் ஜேசன் வரிசைச் செயற்கைக்கோள்களையும் சரிபார்த்தது.