எந்த நாட்டுக்காக விளையாடலாம்? பெற்றோர் அறிய வேண்டிய விதிமுறைகள்

தோட்டத்தை விட்டுப் பட்டணம் வந்து, பிள்ளைகளைச் சிங்கப்பூருக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் அனுப்பிய குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். அங்கே வளரும் பேரன் காற்பந்தில் சிறந்து விளங்கினால், “மலேசியாவுக்கு ஆட முடியுமா?” என்று தாத்தா கேட்பது இயல்பு. அதற்குக் குடியுரிமைச் சட்டம், விளையாட்டு விதி ஆகிய இரண்டும் இடம் கொடுக்க வேண்டும்.

மலேசியச் சட்டம்

மலேசியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. தாமாக முன்வந்து வேறு நாட்டுக் குடியுரிமை பெறுபவரின் மலேசியக் குடியுரிமையை, கூட்டரசு அரசியலமைப்பின் 24ஆவது விதியின் கீழ் அரசாங்கம் பறிக்கலாம். வெளிநாட்டில் நிரந்தரவாசத் தகுதி பெறுவது வேறு. அது குடியுரிமையைப் பாதிக்காது. ஆனால் அதை வைத்து அந்நாட்டுக்காக ஒலிம்பிக்கில் பங்கேற்கவும் முடியாது.

ஒலிம்பிக் விதி

இரண்டு குடியுரிமை உள்ளவர் தமக்கு விருப்பமான நாட்டைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் ஒரு நாட்டைப் பிரதிநிதித்த பின் மற்றதற்கு மாற, பொதுவாக 3 ஆண்டு காத்திருக்க வேண்டும். சம்பந்தப்பட்ட அமைப்புகள் ஒப்புக்கொண்டால் அந்தக் காலம் குறைக்கப்படலாம்.

காற்பந்து விதி

புதிதாகக் குடியுரிமை பெற்றவருக்குக் கடப்பிதழ் மட்டும் போதாது. அவரோ, பெற்ற தாய் தந்தையரில் ஒருவரோ, தாத்தா பாட்டியரில் ஒருவரோ அந்நாட்டில் பிறந்திருக்க வேண்டும். இல்லையேல் குறிப்பிட்ட ஆண்டுகள், பெரியவர் என்றால் 5 ஆண்டுகள், அங்கு வாழ்ந்திருக்க வேண்டும்.

அணி மாற்றம் ஒருமுறைதான். கூச்சிங்கில் பிறந்த டியோன் கூல்ஸ், பெல்ஜியத்தின் 21 வயதுக்குட்பட்டோர் அணியில் ஆடியவர். 2021இல் மலேசிய அணிக்காகக் களமிறங்கினார். இளையோர் அணியில் ஆடியவருக்கு இப்படி வழி உண்டு. மூத்தோர் தேசிய அணியில் அதிகாரப்பூர்வப் போட்டிகளில் ஆடிவிட்டால் அந்த வழி மிகவும் குறுகிவிடும்.

2025 தரும் பாடம்

2025 ஜூன் 10ஆம் தேதி மலேசியா 4-0 எனும் கோல் கணக்கில் வியட்நாமை வென்றபோது நாடே மகிழ்ந்தது. செப்டம்பரில் நிலைமை தலைகீழானது. மரபுவழி ஆட்டக்காரர்கள் எழுவருக்கும் போலி ஆவணங்கள் பயன்படுத்தப்பட்டதாக ஃபிஃபா முடிவு செய்தது. மலேசியக் காற்பந்துச் சங்கத்துக்கு 350,000 சுவிஸ் பிராங்க் அபராதம். எழுவருக்கும் தலா 12 மாதத் தடை. நவம்பரில் ஃபிஃபாவின் மேல்முறையீட்டுக் குழுவும் அதை நிலைநிறுத்தியது. பிரச்சினையின் மையம் ஒன்றே: தாத்தா பாட்டி எங்கே பிறந்தார்கள்?

நாம் செய்ய வேண்டியது

தோட்டங்களில் பிறந்த நம் மூத்தோர் பலரின் பிறப்புப் பத்திரங்கள் தொலைந்திருக்கலாம். அவர்கள் இருக்கும்போதே தேசியப் பதிவுத் துறையில் விசாரித்து, பிறப்புப் பதிவின் நகலைப் பெற்று வையுங்கள். பிள்ளை வேறொரு நாட்டின் ஜெர்சியை அணிவதற்கு முன்பு, அந்தந்த விளையாட்டுச் சங்கத்திடம் விதியை எழுத்து மூலம் கேட்டுக்கொள்ளுங்கள். பதினெட்டு வயதில் அவசரப்பட்டு எடுக்கும் முடிவைப் பின்னர் மாற்றுவது எளிதல்ல.