விரால் தூண்டில் – மதுரை வட்டாரம்

மதுரையைச் சுற்றியுள்ள கண்மாய்களிலும் கால்வாய்களிலும் விரால் மீனைத் தூண்டிலிட்டுப் பிடிக்கும் முறை இது. உயிருள்ள தவளையை இரையாகக் கோத்துவந்த இடத்தில் இப்போது ரப்பர் தவளையும் சேர்ந்திருக்கிறது. குளிர்நாட்டு ஓடைகளில் சால்மனுக்குப் பொய்யிரை வீசுகிறவர்களுக்கு இங்கே நிகரானவர்கள் விரால் பிடிப்பவர்களே.

தமிழகத்தில் தூண்டில் எவ்வளவு பழையது என்பதற்குச் சங்க இலக்கியமே சான்று. பெரும்பாணாற்றுப்படையில் பாண்மகனின் நீண்ட மூங்கில் கழியும் கயிறும் வளைந்த இரும்பு முள்ளும் வருகின்றன. இரையைக் கவ்விவிட்டுத் தப்பிய வாளை, பிறகு நீரில் ஆடும் பிரம்பின் நிழலுக்கும் மிரள்கிறது. கரையில் நெடுநேரம் உட்கார்ந்து மீனைக் கவனித்தவருக்கே இந்த நுட்பம் பிடிபடும். குறுந்தொகை 54ஆம் பாட்டில், யானை வளைத்து விட்டுவிட்ட மூங்கில் விருட்டென்று மேலெழுவதற்குத் தூண்டில் உவமையாகிறது. பாடியவருக்கு மீனெறி தூண்டிலார் என்ற பெயரையும் அந்த உவமையே தந்தது.

இவற்றில் பொய்யிரை இல்லை. கி.பி. 200 வாக்கில் ரோமானிய எழுத்தாளர் ஏலியன், மாசிடோனியர்கள் முள்ளில் சிவப்புக் கம்பளி நூலைச் சுற்றிச் சேவல் இறகு கட்டி மீன் பிடித்ததை எழுதிவைத்தார். பொய்யிரைக்குக் கிடைக்கும் மிகப் பழைய குறிப்புகளில் அதுவும் ஒன்று. இந்தியாவில் 12ஆம் நூற்றாண்டின் மானசோல்லாசம் தூண்டில் மீன்பிடிப்பை அரசர்களின் பொழுதுபோக்காக விவரிக்கிறது. சென்னை மாகாண அதிகாரி ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873இல் ‘தி ராட் இன் இந்தியா’ நூலையும், குளங்களில் தூண்டில் போடுவதற்கென்றே 1887இல் இன்னொரு நூலையும் வெளியிட்டார். அமெரிக்காவில் 1852இல் ஜூலியோ பியூல் கரண்டி வடிவ உலோக இரைக்குக் காப்புரிமை பெற்றார். 1890களில் ஜேம்ஸ் ஹெடன் மரத்தில் தவளையைச் செதுக்கினார். இன்றைய ரப்பர் தவளைக்கு அது மூத்த உறவு.

விரால் காற்றைச் சுவாசிக்கும் மீன். கண்மாய் வற்றினாலும் ஈரச் சேற்றில் புதைந்து அடுத்த தண்ணீர்வரை காத்திருக்கும். தாமரை இலைக்கும் ஆகாயத்தாமரைக்கும் அடியில் பதுங்கி, அசைவதைக் கண்டதும் பாயும். தவளை, குஞ்சு மீன் எதையும் விடாது. ரப்பர் தவளை இந்தக் குணத்துக்கென்றே அமைந்தது போலிருக்கும். உள்ளே கூடான உடல். இரண்டு முட்களும் முதுகோடு ஒட்டிக் கிடப்பதால் பாசியில் மாட்டாது. இலைகளுக்கு அப்பால் வீசி, விட்டுவிட்டுச் சுண்டி இழுத்தால் இலைக்கு இலை தாவுவதுபோல் வரும். விரால் கவ்வும்போது உடல் அமுங்கி முட்கள் வெளிப்படும். கவ்விய சத்தம் கேட்ட மாத்திரத்தில் வெட்டி இழுத்தால் பெரும்பாலும் தவளை மட்டுமே திரும்பி வரும். ஒரு மூச்சு பொறுக்க வேண்டும்.

கடலிலிருந்து ஆற்றுக்குத் திரும்பி முட்டையிடப் போகும் சால்மன் இரை தின்பதை நிறுத்திவிடும். ஆனாலும் பொய்யிரையைச் சீறிக் கவ்வும். குஞ்சுகளோடு திரியும் விராலும் அப்படித்தான். மழைக்காலத்தில் செந்நிறக் குஞ்சுகள் திரளாக மேலெழுந்து மூச்சு வாங்க, தாயும் தந்தையும் கீழே காவல் இருக்கும். நெருங்கி வரும் எதையும், பசிக்காக இல்லாமல், விரட்டுவதற்காகவே தாக்கும். அந்தத் திரளின் மேல் தவளையை வீசினால் மீன் எளிதில் கிடைக்கும். குஞ்சுகளோ கெளுத்திக்கும் கொக்குக்கும் இரையாகும். இதைத் தூண்டில்காரரின் திறமையில் சேர்க்க முடியாது.

கண்மாய் மீன் எல்லோருக்கும் எப்போதும் திறந்ததல்ல. பல கண்மாய்கள் மீன்பாசி குத்தகைக்கு விடப்படுகின்றன. அங்கே தூண்டில் போடக் குத்தகைதாரரின் இசைவு வேண்டும். மேலூர், கொட்டாம்பட்டிப் பக்கத்து ஊர்களில் மீன்பிடித் திருவிழா வரை கண்மாயில் யாரும் மீன் பிடிப்பதில்லை. கோடையில் தண்ணீர் குறைந்ததும், ஊர்ப் பெரியவர்கள் வெள்ளைத் துண்டை வீச, ஊத்தா என்னும் அடி திறந்த கூடை, கச்சா, வலை ஏந்திய கூட்டம் ஒரே நேரத்தில் இறங்கும். சேற்றில் பதுங்கிய விராலை அன்று ஊத்தாவைக் கவிழ்த்து, மேல்வாய் வழியே கையை விட்டுத் துழாவித்தான் எடுக்கிறார்கள்.