கல்லில் தப்பிய முகம்

ஆசிரியர் கலாசாலையில் நான் பயின்ற காலத்தில், அதன் நூலகத்தில் அட்டை கழன்ற சிற்ப வரலாற்று நூலொன்று கிடந்தது. அந்த முகத்தை அதில்தான் முதலில் கண்டேன். சலவைக்கல்லில் செதுக்கிய ஓர் இளம்பெண்ணின் மார்பளவுச் சிலை. யாரோ கூப்பிட்டதும் சட்டெனத் திரும்பியவள் போன்ற பார்வை, ஏதோ சொல்ல வாயெடுத்தது போல் சற்றே பிரிந்த உதடுகள், அள்ளி முடிந்த கூந்தல். படத்தின் கீழே, சிற்பியின் காதலி என்று மட்டும் குறித்திருந்தார்கள். அந்தக் குறிப்பை நானும் பல வருடங்கள் நம்பிக்கொண்டிருந்தேன்.

அவள் பெயர் கொஸ்தான்சா. சிற்பி ஜியான் லொரென்சோ பெர்னினி. 1598இல் நேப்பிள்ஸில் பிறந்து, சிற்பியான தந்தை பியெத்ரோவிடமே உளி பிடிக்கப் பழகியவர். இருபத்தைந்து வயதளவில், மரமாக மாறும் டாப்னியைக் கல்லில் வடித்து உரோமாபுரியை வியக்க வைத்தார். 1623இல் பாப்பரசரான எட்டாம் ஊர்பன் அவரைத் தன் சிற்பியாகவே வைத்துக்கொண்டார். புனித பேதுரு பேராலயத்தின் வெண்கல விதானம் அந்தக் காலத்து வேலைதான்.

முகச்சிலை செய்வதில் பெர்னினிக்கு ஒரு தனிவழி இருந்தது. எதிரே இருப்பவரை அசையாதிருக்கச் சொல்லமாட்டார்; பேசவும் நடக்கவும் விட்டுக் கவனிப்பார். வெள்ளைக் கல்லில் விழியின் கருமை வராது என்பதால், கண்மணியைக் குடைந்து அதில் நிழல் விழச் செய்வார். கர்தினால்களும் மன்னர்களும் அவர் முன் காத்திருந்தார்கள். கொஸ்தான்சாவின் சிலையையோ, 1636, 37 அளவில், எவரும் கேட்காமல் தனக்காகவே செதுக்கினார். அவள் அவரது பட்டறையில் வேலை செய்த மத்தேயோ என்ற சிற்பியின் மனைவி.

1638இல் நடந்ததைத்தான் அந்த நூல் சொல்லவில்லை. தன் தம்பி லூயிஜியும் அவளிடம் போய்வருவதாகப் பெர்னினி அறிந்தார். ஒருநாள் காலை ஒளிந்து நின்று கண்ணாலே கண்டார். தம்பியை இரும்புக் கம்பியால் அடித்து விலா எலும்பை முறித்தார்; பின்னர் உருவிய வாளோடு சாந்தா மரியா மஜ்ஜோரே ஆலயம் வரை துரத்தினார். அதே நாளில் வேலையாளொருவனைச் சவரக்கத்தியோடு கொஸ்தான்சாவிடம் அனுப்பினார். அவன் அவள் முகத்தைக் கீறினான்.

பெற்ற தாயே பொறுக்கமாட்டாமல் கர்தினால் பிரான்செஸ்கோ பார்பெரினிக்குக் கடிதம் எழுதினாள். உலகத்துக்கே தான் எசமான் என்பது போல் என் மகன் நடக்கிறான் என்பது அவள் முறைப்பாடு. தண்டனை கிடைத்தது; கிடைத்த விதம்தான் விசித்திரம். கத்தி பிடித்தவன் நாடுகடத்தப்பட்டான். கீறுபட்டவள், வழிதவறிய பெண்களுக்கான இல்லமொன்றில் அடைக்கப்பட்டாள். அனுப்பியவருக்கு 3000 ஸ்கூடி தண்டப்பணம். அதையும் பாப்பரசர் தள்ளுபடி செய்தார். அடுத்த வருடம் பெர்னினி கத்தரினா தேசியோ என்ற இளம்பெண்ணை மணந்து பதினொரு பிள்ளைகளுக்குத் தந்தையானார். 1713இல் வெளிவந்த வரலாற்றில் அவர் மகன் டொமினிக்கோ, பாப்பரசர் அளித்த மன்னிப்பை ஒரு விருதைப் போல எழுதிவைத்தார்.

பேதுரு சதுக்கத்தின் தூண் வரிசை, பதினான்காம் லூயி மன்னரின் சிலை என்று பெர்னினியின் புகழ் 1680இல் அவர் இறக்கும்வரை வளர்ந்தது. அவரது கைத்திறனை நான் மறுக்கவில்லை. அந்த முகத்தைப் பார்த்தவர் எவரும் மறுக்கமுடியாது. காதலி என்ற சொல்தான் எனக்கு இப்போது உறுத்துகிறது.

சிலை இன்று புளோரன்ஸ் நகரத்து பார்ஜெல்லோ அரும்பொருட் காட்சியகத்திற்கு உரியது. ஒரு காலத்தில் சிறைச்சாலையாக இருந்த கட்டடம் அது. 2021இல் அந்நகரின் உபிஸி காட்சியகத்தார் சிலையை வரவழைத்து, அமிலவீச்சுக்கு ஆளான பெண்களைப் பற்றிய புகைப்படங்களுடன் சேர்த்துக் காட்சிக்கு வைத்தார்கள்.

கொஸ்தான்சாவைக் கணவர் மறுபடி ஏற்றுக்கொண்டார். 2012இல் வெளிவந்த சாரா மெக்பீயின் ஆய்வு அவளது பிற்காலத்தைத் தேடி எடுத்திருக்கிறது. அவளுக்கு ஒரு மகள் பிறந்தாள். கணவர் இறந்தபின், கலைப்பொருட்களை வாங்கி விற்கும் தொழிலைத் தானே நடத்தி, 1662இல் காலமானாள்.