ஆப் டெவலப்பர் ஆகணுமா? கோர்ஸுக்குப் பணம் கட்டும் முன் இதைப் படிங்க!

"90 நாளில் ஆப் டெவலப்பர்... 100 சதவீதம் வேலை உறுதி!" ரீல்ஸ் பார்க்கும்போது இப்படி ஒரு விளம்பரம் உங்களுக்கும் வந்திருக்கும். அதை நம்பி பல ஆயிரம் ரூபாய் கட்டும் முன், ஆப் எப்படி உருவாகிறது, எதைக் கற்க வேண்டும், எதற்கு உண்மையிலேயே செலவாகும் என்று தெரிந்துகொள்வது நல்லது.

என்னென்ன கருவிகள்?

ஆண்ட்ராய்டு ஆப் உருவாக்க கூகுளின் 'ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ' என்ற மென்பொருள் போதும். இது முற்றிலும் இலவசம். மொழி, கோட்லின். 2017-ல் இதை ஆண்ட்ராய்டின் அதிகாரப்பூர்வ மொழிகளில் ஒன்றாக அறிவித்த கூகுள், 2019 முதல் இதற்கே முன்னுரிமை தருகிறது. பழைய ஆப்கள் பலவற்றில் ஜாவா இன்னும் இருக்கிறது.

ஐபோனுக்கு ஸ்விஃப்ட் மொழி, எக்ஸ்கோட் மென்பொருள். இதுவும் இலவசம்தான். ஆனால், எக்ஸ்கோட் மேக் கணினியில் மட்டுமே ஓடும்.

ஒரே கோடை வைத்து இரண்டு போனுக்கும் ஆப் செய்யும் வழியும் உண்டு. ஃபேஸ்புக் 2015-ல் வெளியிட்ட 'ரியாக்ட் நேட்டிவ்' ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் இயங்குகிறது. 2018 டிசம்பரில் முதல் முழுப் பதிப்பு கண்ட கூகுளின் 'ஃப்ளட்டர்', டார்ட் மொழியில் இயங்குகிறது.

இதில் எதைப் படிப்பது?

இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். மைக்ரோசாஃப்ட் 2016-ல் வாங்கிய 'ஸமரின்' என்ற கருவி ஒரு காலத்தில் பரவலாகப் பேசப்பட்டது. 2024 மே 1-ம் தேதியோடு அதற்கான ஆதரவு நிறுத்தப்பட்டது. அந்தக் கருவியை மட்டும் மனப்பாடம் செய்தவர்களுக்கு அது சிக்கல்தான். ஆனால், அதன் அடிப்படையான சி ஷார்ப் மொழியை ஒழுங்காகக் கற்றவர்கள், அதற்குப் பதிலாக வந்த 'டாட்நெட் மாவி'க்கு மாற முடிந்தது.

அதாவது, கருவி மாறும். மொழியும் அடிப்படையும் கூடவே வரும். எனவே முதலில் ஒரு மொழி, அதன்பிறகு ஒரு கருவி. நான்கையும் ஒரே நேரத்தில் படிக்க வேண்டாம்.

லைப்ரரி என்றால் என்ன?

தினமும் மாவு அரைக்க நேரமில்லாவிட்டால் கடையில் பாக்கெட் மாவு வாங்குகிறோம் இல்லையா? அதுபோல யாரோ எழுதி வைத்த, நாம் எடுத்துப் பயன்படுத்தும் ரெடிமேட் கோட்தான் லைப்ரரி. ஆண்ட்ராய்டில் படங்களைக் காட்ட 'கிளைடு', சர்வரிலிருந்து தகவல் பெற 'ரெட்ரோஃபிட்', போனிலேயே தகவலைச் சேமிக்க 'ரூம்' ஆகியவை பிரபலமானவை.

பாக்கெட்டில் தேதி பார்ப்பதுபோல இதிலும் மூன்று விஷயம் பார்க்கணும்:

* கடைசியாக எப்போது அப்டேட் ஆனது?
* உரிம விதிகள் என்ன சொல்கின்றன?
* பயனரின் என்னென்ன தகவல்களை எடுக்கிறது?

மூன்றாவது ரொம்ப முக்கியம். நீங்கள் சேர்த்த லைப்ரரி தகவல் எடுத்தாலும், அதை ப்ளே ஸ்டோரில் தெரிவிக்கும் பொறுப்பு உங்களுடையதே.

உண்மையான செலவு எவ்வளவு?

* கணினி: ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவுக்குக் குறைந்தது 8 ஜிபி ரேம் தேவை. கணினிக்குள்ளேயே போன் போல இயங்கும் எமுலேட்டருக்கு 16 ஜிபி இருந்தால் நல்லது. இல்லையென்றாலும் கவலை வேண்டாம். உங்கள் போன் செட்டிங்ஸில் 'பில்ட் நம்பர்' என்பதை 7 முறை தட்டி, 'யூஎஸ்பி டீபக்கிங்' ஆன் செய்து கேபிளில் இணைத்தால், அந்தப் போனிலேயே ஆப்பைச் சோதிக்கலாம்.
* ப்ளே ஸ்டோர் கணக்கு: ஒரே ஒருமுறை 25 டாலர்.
* ஆப்பிள் டெவலப்பர் கணக்கு: ஆண்டுக்கு 99 டாலர்.

இன்னொரு விஷயம். 2023 நவம்பர் 13-க்குப் பிறகு தொடங்கிய தனிநபர் ப்ளே ஸ்டோர் கணக்கு என்றால், குறைந்தது 12 பேர் உங்கள் ஆப்பைத் தொடர்ந்து 14 நாட்கள் சோதித்த பிறகே அதை எல்லோருக்கும் வெளியிட விண்ணப்பிக்கலாம். நண்பர்களிடம் இப்போதே சொல்லி வைங்க!

வேலைக்கு எது கைகொடுக்கும்?

சான்றிதழைவிட, நீங்களே செய்த ஒரு சின்ன ஆப் அதிகம் பேசும். கடைக் கணக்கு, பஸ் நேரம் என உங்கள் ஊருக்குப் பயன்படும் ஒன்றைச் செய்து, அதன் கோடை கிட்ஹப் தளத்தில் வைக்கலாம். "இதை ஏன் இப்படி எழுதினீங்க?" என்று நேர்காணலில் கேட்டால், சொந்தமாக எழுதியவரால்தான் பதில் சொல்ல முடியும்.

பிளஸ் டூ, டிப்ளமோ முடித்தவர்களுக்குக் கட்டணமின்றி, உதவித்தொகையோடு பயிற்சி தரும் ஸோஹோ ஸ்கூல்ஸ் போன்ற வாய்ப்புகளையும் பார்க்கலாம்.

வேலை தருகிறோம் என்று சொல்லி 'பதிவுக் கட்டணம்', 'டெபாசிட்' என யாராவது பணம் கேட்டால் உஷாராகிடுங்க. ஆன்லைனில் பணத்தை இழந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணம் கைமாறும் முன் முடக்க அவ்வளவு வாய்ப்பு இருக்கிறது.